டேலி ஆகாத ஒன்றரை மில்லி செகண்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இஞ்சினியர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் இருபது வருஷமாக ஆணி பிடுங்குகிற ஆசாமி. "இவனுக்கு எதுக்கு இந்த சர்க்யூட் வேலையெல்லாம்" என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைக்கலாம். என் தங்கமணியும் அதைத்தான் நினைக்கிறார்.

விஷயம் இதுதான். பையன் ஒன்பதாம் வகுப்பு. டிசம்பரில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ரயில் நிலைய மாடல் செய்கிறேன் என்று ஆரம்பித்தான். அதில் முக்கியமான சமாச்சாரம் பழைய காலத்துக் கைகாட்டி. நம் ஊர்ப் பக்கம் ஸ்டேஷனுக்கு வெளியே உயரமாக நிற்குமே, அதுதான். கை நேராக நீட்டியிருந்தால் ரயில் நிற்க வேண்டும். 45 டிகிரி கீழே இறங்கினால் போகலாம். கையை அசைக்க ஒரு சின்ன சர்வோ மோட்டார், அதை ஓட்ட இரண்டு 555 ஐசி. என்னிடம் கேட்டபோது எனக்கே உற்சாகமாகிவிட்டது. "ஆகட்டும்டா" என்றேன்.

கண்காட்சிக்கு நான்கு நாள் முன்னால் வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்தால், பையன் மும்முரமாக நோட்டில் அப்ஸர்வேஷன் டேபிள் போட்டுக்கொண்டிருக்கிறான். எட்டிப் பார்த்தேன். 1.50, 1.50, 1.49, 1.51, 1.50... பத்து ரீடிங். அச்சடித்த மாதிரி.

"எதுலடா அளந்தே?"

பதில் இல்லை.

"நம்ம வீட்டு மல்டிமீட்டர்ல மில்லி செகண்ட் காட்டாதே?"

"அப்பா, எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. ஃபார்முலால 1.5 வருது. அதைச் சுத்தி நாலஞ்சு நம்பர் போட்டாப் போதும்."

பக்கத்து மேஜையில் அவன் செய்த கைகாட்டி இருந்தது. நேராக நிற்க வேண்டிய கை தொங்கிக்கொண்டிருந்தது. நில் என்கிறதா, போ என்கிறதா, அதற்கே தெரியாது. நோட்டில் மட்டும் எல்லாம் சரி!

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளுக்கு டைமிங் சர்க்யூட் செய்யக் கற்றுக்கொடுக்கும்போதே, அது உண்மையில் எவ்வளவு நேரம் தருகிறது என்று அளக்கவும், அளந்ததை அப்படியே எழுதவும் கற்றுக்கொடுங்கள். அதைச் சொல்லித் தராமல் கிட் வாங்கிக் கொடுப்பது, பணம் எண்ணத் தெரியாதவனைக் கேஷ் கவுண்ட்டரில் உட்கார வைப்பது போல.

அது என்ன ஒன்றரை மில்லி செகண்ட்?

தெரியாதவர்களுக்காக. சர்வோ மோட்டாருக்கு வினாடிக்கு 50 தடவை, அதாவது 20 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, ஒரு சின்ன பல்ஸ் அனுப்ப வேண்டும். அந்த பல்ஸ் எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்துத்தான் அது எங்கே நிற்பது என்று முடிவு செய்யும். 1.5 மில்லி செகண்ட் என்றால் நடுவில். பொதுவாக 1 முதல் 2 மில்லி செகண்டுக்குள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்பும். ஆக, 0.1 மில்லி செகண்ட் பிசகினால் 9 டிகிரி பிசகும். எங்கள் கணக்கில் 1.5 என்றால் 'நில்', 2.0 என்றால் 'போ'.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த 20 மில்லி செகண்ட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சர்வோ கண்டுகொள்ளாது. 18 ஆனாலும் சரி, 22 ஆனாலும் சரி. பல்ஸின் நீளம்தான் கறாராக இருக்க வேண்டும். ஆடிட்டில் மெட்டீரியாலிட்டி என்று சொல்வோமே, அதேதான். எங்கே பைசா சுத்தமாகப் பார்க்க வேண்டும், எங்கே விடலாம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

555-உம் தேய்மானமும்

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். திருச்சியில் பி.காம். படித்தபோது என் அறை நண்பன் எலெக்ட்ரானிக்ஸ் மாணவன். எட்டுக் கால் பூச்சி ஒன்றைக் காட்டி "இதுதான் 555" என்றான். எல்.இ.டி. அணைந்து அணைந்து எரிந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். ஹான்ஸ் கேமன்சிண்ட் என்பவர் 1971-ல் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக வடிவமைத்து, 1972-ல் விற்பனைக்கு வந்த ஐசி அது. ஐம்பது வருஷம் தாண்டியும் இன்னும் செய்கிறார்கள். உள்ளே மூன்று 5 கே ரெசிஸ்டர் இருப்பதால்தான் 555 என்று ஒரு கதை உண்டு. வடிவமைத்தவரே அதை மறுத்துவிட்டார்.

ஒற்றை பல்ஸ் தரும் மோனோஸ்டேபிள் முறையில் இதன் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: நேரம் = 1.1 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர். 0.1 மைக்ரோ ஃபாரட் போட்டால் 1.5 மில்லி செகண்டுக்கு 13.6 கிலோ ஓம் வேண்டும்.

அந்த 1.1 எங்கிருந்து வந்தது என்று பையனுக்குத் தெரியவில்லை. எனக்கு காமர்ஸ்தானே தெரியும், அதை வைத்தே சொன்னேன். குறைந்து செல் மதிப்பு முறைத் தேய்மானம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு லட்ச ரூபாய் மெஷினுக்கு 10 சதவீதம் போட்டால் 90,000. அப்புறம் 81,000. அப்புறம் 72,900. ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருப்பதில்தான் கழியும். கெபாசிட்டர் நிரம்புவதும் இப்படித்தான். சப்ளை வோல்ட்டேஜுக்கும் கெபாசிட்டர் வோல்ட்டேஜுக்கும் உள்ள இடைவெளி தேய்ந்துகொண்டே வரும். அது மூன்றில் ஒரு பங்காகத் தேயும் வரை 555 காத்திருந்து பல்ஸை முடிக்கும். அந்தத் தேய்மானக் கணக்கைப் போட்டால் வருவது 1.0986. அதைத்தான் 1.1 என்கிறார்கள்.

இதிலேயே இன்னொரு ரகசியமும் இருக்கிறது. மெஷின் ஒரு லட்சமோ பத்து லட்சமோ, அதே சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்காகத் தேய அதே வருஷம்தான் ஆகும். அதனால் பேட்டரி 6 வோல்ட்டிலிருந்து மெதுவாக 5 வோல்ட்டுக்கு இறங்கினாலும் பல்ஸ் நீளம் பெரிதாக மாறாது. கேமன்சிண்ட் செய்த கெட்டிக்காரத்தனம் இது. பையனுக்குப் புரிந்ததா தெரியவில்லை, தலையை ஆட்டினான். தங்கமணி உள்ளே இருந்து "தேய்மானத்தை இங்கேயும் கொண்டு வந்துட்டாரா" என்றார்.

பின்னே ஏன் கை தொங்கியது?

சூத்திரம் சரி. ஐசி-யும் சரி. சாதாரண 555-ன் சொந்தப் பிழை பொதுவாக 1 சதவீதம்தான். குற்றவாளிகள் மூன்று பேர் வெளியே இருந்தார்கள்.

முதல் ஆள் டிரிகர். முதல் 555 கொடுத்த டிரிகர் சிக்னல் 6 மில்லி செகண்ட் கீழேயே இருந்தது. டிரிகர் கீழே இருக்கும் வரை மோனோஸ்டேபிள் பல்ஸை முடிக்காது. ஆரம்பத்தில் பிரீசெட்டை எவ்வளவு திருகினாலும் கை ஒரு மூலையில் போய் முட்டிக்கொண்டு கிர்ர்ர் என்றது இதனால்தான். டிரிகர் எப்போதும் பல்ஸைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். நடுவில் 0.01 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், மேலே 10 கே ரெசிஸ்டர், அதன் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு. டிரிகர் சுமார் 40 மைக்ரோ செகண்டாகச் சுருங்கிவிட்டது. இதைப் பையனே ஒரு வாரம் முன்பு கண்டுபிடித்துச் சரி செய்திருந்தான். அதை நோட்டில் எழுதவில்லை! "அது தப்பாச்சேப்பா, எதுக்கு எழுதணும்?" என்றான். கண்டுபிடித்ததைவிட அதை மறைத்ததுதான் எனக்கு உறுத்தியது.

இரண்டாவது ஆள் சப்ளை. சர்வோ கிளம்பும்போது சடாரென்று கரண்ட் இழுக்கும், வோல்ட்டேஜ் ஒரு கணம் படுத்துவிடும். மெதுவாக இறங்கினால் 555 சமாளிக்கும். பல்ஸுக்கு நடுவில் படுத்தால் ஏமாந்துவிடும். கை வெடவெடவென்று நடுங்கும். சர்வோவுக்குத் தனி பேட்டரி, கிரவுண்ட் மட்டும் பொது, பக்கத்தில் 470 மைக்ரோ ஃபாரட், 555-ன் ஐந்தாவது காலில் 0.01. நடுக்கம் நின்றது.

மூன்றாவது ஆள்தான் பெரிய கேடி. கெபாசிட்டர். பையன் தபகீர் கல்லியில் (புனேக்காரர்களுக்குத் தெரியும்) வாங்கி வந்தது '104 இசட்' என்று போட்ட டிஸ்க் செராமிக். 104 என்றால் 0.1 மைக்ரோ ஃபாரட். பின்னால் இருக்கும் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. இசட் என்றால் 20 சதவீதம் குறைவாகவும் இருக்கலாம், 80 சதவீதம் அதிகமாகவும் இருக்கலாம். கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1.5 என்று எழுதிய பல்ஸ் 1.2 முதல் 2.7 வரை எதுவாகவும் இருக்கலாம். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை யாராவது கடன் கேட்டுக் கொண்டுவந்தால் டீ கூடக் கொடுக்க மாட்டேன்.

இந்த வகை செராமிக் வெயில் குளிருக்கும் மாறும். புனேயில் டிசம்பர் காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் மின்விசிறி. கையும் காலையில் ஒரு இடம், மத்தியானம் ஒரு இடம். பிரீசெட்டைத் திருகித் திருகிச் சரி செய்வான், மறுநாள் வேறு மாதிரி நிற்கும். அந்த எரிச்சலில்தான் நோட்டில் 1.50 என்று எழுதிவிட்டான்.

சவுண்ட் கார்டு என்னும் நீதிபதி

ஆசிலாஸ்கோப் வீட்டில் இல்லை. வாங்கவும் மாட்டேன். ஆனால் பழைய டெஸ்க்டாப் இருந்தது. அதன் பின்னால் நீல நிறத்தில் லைன்-இன் ஓட்டை இருக்கும். சவுண்ட் கார்டு வினாடிக்கு 44,100 தடவை வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளும். ஒரு குறிப்புக்கும் அடுத்ததற்கும் 22.7 மைக்ரோ செகண்ட். 1.5 மில்லி செகண்ட் என்றால் 66 புள்ளிகள். 20 மில்லி செகண்ட் என்றால் 882.

555-ன் அவுட்புட்டை நேராகக் கொடுத்தால் கார்டு புகைந்துவிடும் அபாயம் உண்டு. 10 கே, 1 கே இரண்டு ரெசிஸ்டர் போட்டு பதினொன்றில் ஒரு பங்காக்கி, அரை வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவந்து கொடுத்தோம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்து, பெரிதாக்கிப் பார்த்து, புள்ளிகளை எண்ணினோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால்.

76 புள்ளி. அதாவது 1.72 மில்லி செகண்ட். மத்தியானம் மூன்று மணிக்கு அதையே அளந்தோம். 71 புள்ளி, 1.61. ரெசிஸ்டர் மல்டிமீட்டரில் சுத்தமாக 13.6 கே. கெபாசிட்டர் கையும் களவுமாக மாட்டியது.

அன்று மாலையே கடைக்குப் போய் '104 ஜே' என்று கேட்டு பாலியெஸ்டர் கெபாசிட்டர் வாங்கினோம். ஜே என்றால் 5 சதவீதம். ரெசிஸ்டரையும் 1 சதவீத மெட்டல் ஃபிலிமாக மாற்றினோம். ஞாயிறு காலை 67 புள்ளி. மத்தியானம் 67, சில சமயம் 68. பிரீசெட்டை மயிரிழை திருகி 66-க்குக் கொண்டுவந்தோம். கை நேராக நின்றது. இரண்டு நாளும் அப்படியே நின்றது. செலவு? இரண்டு வடா பாவ் விலைகூட இல்லை.

"ஆர்டுயினோ போட்டா முடிஞ்சுதே அங்கிள்"

பையனின் நண்பன் சொன்னது. நியாயமான கேள்விதான். மழுப்ப விரும்பவில்லை. நேரத்தை எண்ணுவதில் ரெசிஸ்டர் கெபாசிட்டர் ஜோடியைவிடக் கிரிஸ்டல் பல மடங்கு உயர்த்தி. சாதாரணக் கிரிஸ்டலே பத்து லட்சத்துக்கு 20 முதல் 50 பங்குதான் பிசகும். 4 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரு துடிப்பு 0.25 மைக்ரோ செகண்ட், 6,000 துடிப்பை கவுண்ட்டரில் எண்ணினால் 1.5 மில்லி செகண்ட். வெயிலாவது குளிராவது, பிழை ஒரு துடிப்பு அளவுக்குள் அடங்கிவிடும். மிகக் குட்டையான, மிகச் சரியான பல்ஸ் வேண்டும் என்றால் வழி அதுதான். 555 பத்து மைக்ரோ செகண்ட் பக்கம் போனாலே மூச்சு வாங்கும்.

ஆனால் ஆர்டுயினோ வாங்கியதாலேயே சரியான நேரம் கிடைத்துவிடும் என்று நினைப்பதுதான் தப்பு. பிள்ளைகள் அதிகம் வாங்கும் ஊனோ ஆர்3 போர்டில் முக்கிய சிப்புக்கு நேரம் கொடுப்பது கிரிஸ்டல் இல்லை, செராமிக் ரெசொனேட்டர். அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். ஒரு காலை ஆன் செய்யும் சாதாரணக் கட்டளையே சில மைக்ரோ செகண்ட் எடுத்துக்கொள்ளும். 10 மைக்ரோ செகண்ட் பல்ஸ் கேட்டால் இந்தச் சில்லறையும் சேர்ந்துதான் வரும். போதாக்குறைக்கு, உள்ளே கடிகாரத்தைப் பராமரிக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு தடவை சிப் வேலையை நிறுத்திவிட்டுப் போய் வரும். அந்த நேரம் பார்த்து உங்கள் பல்ஸ் முடிய வேண்டியிருந்தால் சில மைக்ரோ செகண்ட் நீளும். இதைத் தவிர்க்க சிப்புக்குள்ளேயே தனி டைமர் இருக்கிறது, பல்ஸை அதன் பொறுப்பில் விட்டால் கட்டளைகளின் தாமதம் குறுக்கே வராது. எத்தனை பள்ளியில் இதைச் சொல்லித் தருகிறார்கள்? காப்பி, பேஸ்ட், ஓடுது, சரி. அவ்வளவுதான்.

கைகாட்டிக்கு இந்தப் பிழையெல்லாம் பொருட்டே இல்லை. ஊனோவே தாராளமாகப் போதும். நான் சொல்வது அதுவல்ல. 555-ல் தப்பு நடந்தால் கை தொங்கும், கண்ணுக்குத் தெரியும். எந்தக் கெபாசிட்டர் என்று விரல் வைத்துக் காட்டலாம். புரோகிராமில் '1500' என்று எழுதியிருந்தால், அந்த நம்பரையே பல்ஸின் நீளமாகப் பிள்ளை நம்பிவிடும். '104' என்று எழுதியிருந்ததை நம்பியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே பேப்பரில் இருக்கும் எண். அதனால்தான் முதலில் 555, பிறகு கிரிஸ்டல், பிறகு ஆர்டுயினோ என்கிறேன்.

பத்து ரூபாய்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். மொழி தெரியாத ஊர், கேஷ் கவுண்ட்டர். ஒரு நாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் பத்து ரூபாய் குறைகிறது. மூன்று தடவை எண்ணியாயிற்று. பஸ்ஸுக்கு நேரமாகிறது. சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து டிராயரில் வைக்கப் போனேன். தலைமைக் கேஷியர் கையைப் பிடித்துவிட்டார். ரிட்டயர் ஆகப் போகிற மனுஷர்.

"இன்னிக்குக் குறைஞ்சா நீ போடறே. நாளைக்குக் கூடினா எடுத்துப்பியா?" என்று இந்தியில் கேட்டார்.

பதில் சொல்ல முடியவில்லை. ரிஜிஸ்தரை எடுத்து 'குறைவு ரூ.10' என்று எழுதிக் கையெழுத்துப் போட வைத்த பிறகுதான் விட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. குறைவை எழுதினால்தான் ஏன் குறைந்தது என்று தேட முடியும். சரிக்கட்டிவிட்டால் தேடவே வேண்டாம், அது அங்கேயே உட்கார்ந்துகொண்டு வளரும். பெரிய பெரிய மோசடிகள் எல்லாம் ஒரே நாளில் முளைப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பையன் எழுதிய 1.50 அந்தப் பத்து ரூபாய்தான். இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். திட்டவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், குறுக்கே ஒரு கோடு போட்டு 'அளக்கப்படவில்லை' என்று எழுது என்றேன். அடுத்த பக்கத்தில் புது டேபிள். காலை, மத்தியானம், பழைய கெபாசிட்டர், புதுக் கெபாசிட்டர், எண்ணிய புள்ளிகள், 'ஒரு புள்ளி கூடலாம் குறையலாம், அதாவது ±1.5 சதவீதம்' என்ற குறிப்பு. டிரிகர் பிரச்சினைக்கு அரைப் பக்கம்.

பரிசு கிடைத்ததா?

இல்லை. நடுவர் ஒருவர் கோடு போட்ட பக்கத்தைப் பார்த்து "நோட்டு சுத்தமாக இல்லையே" என்றாராம். பிழை சதவீதம் எழுதியதைப் பார்த்து "அப்போ உன் சர்க்யூட் துல்லியம் இல்லையா?" என்று கேட்டாராம். முதல் பரிசு, டப்பாவைப் பிரித்து மாட்டிய ரோபோ கிட்டுக்கு. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. பிழையை ஒப்புக்கொண்டால் மார்க் குறையும் என்று பள்ளியே சொல்லிக் கொடுத்தால், பிள்ளைகள் வேறு என்ன எழுதும்? இதுதான் என் கோபம்.

ஸ்கூட்டரில் வரும்போது பையன் பேசவே இல்லை. எனக்கும் சங்கடம்தான். உபதேசம் பண்ணி அவன் பரிசைக் கெடுத்துவிட்டோமோ என்று இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது திடீரென்று கேட்டான்.

"அப்பா, சவுண்ட் கார்டு 44,100-ன்னு சொல்லுதே. அது சரின்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள்ளும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது, அதைவிட நல்ல கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அந்தக் கடிகாரத்தை? அதைவிட நல்லதோடு. இப்படியே போனால் டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். இந்திய நேரத்தைச் சீசியம் கடிகாரங்களை வைத்துக் காப்பவர்கள் அவர்கள்தான். 1967 முதல் ஒரு வினாடி என்பதே சீசியம் அணுவின் 919,26,31,770 துடிப்புகள் என்று வைத்திருக்கிறார்கள். "அப்போ எல்லாருக்கும் மேல ஒரு ஆடிட்டர் இருக்காங்க" என்றான். சாப்பாடு ஆறிப்போனது. தங்கமணி முறைத்தார். அன்று மாலை முழுக்க இருந்த சங்கடம் எனக்கு அப்போதுதான் கொஞ்சம் குறைந்தது.

கடைசியாக நம்மவர்களுக்கு

ஊர் விட்டு ஊர் வந்து வாடகை ஃபிளாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு, சாலிடரிங் கம்பியைக் கையில் கொடுத்து "பிடி" என்று சொல்லும் ரேடியோ கடை மாமா கிடையாது. சொந்தக்காரர் பட்டறை கிடையாது. நமக்கு நேரம் இல்லை, பணம் கொஞ்சம் இருக்கிறது. அதனால் கிட் வாங்கிக் கொடுத்துவிட்டு கோச்சிங் வகுப்பில் கொண்டு விடுகிறோம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். யாரையும் குத்திக்காட்டவில்லை, உள்குத்து எதுவும் இல்லை.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழியுங்கள். வாங்க வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு 555, ஒரு பிரெட்போர்டு, '104 ஜே' பாலியெஸ்டர் கெபாசிட்டர் ஒன்று, வேண்டுமென்றே '104 இசட்' டிஸ்க் ஒன்று, 1 சதவீத ரெசிஸ்டர்கள் சில, லைன்-இன் உள்ள ஏதாவது பழைய கம்ப்யூட்டர். இரண்டு கெபாசிட்டரையும் மாற்றி மாற்றிப் போட்டு, காலையிலும் மத்தியானத்திலும் அளக்கச் சொல்லுங்கள். விடை நீங்கள் சொல்லாதீர்கள். தமிழிலேயே பேசுங்கள், தேய்மானமோ வட்டியோ உங்களுக்குத் தெரிந்ததை வைத்து விளக்குங்கள். வந்த எண்ணை வந்தபடி எழுதச் சொல்லுங்கள். நோட்டு கொஞ்சம் அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் இந்த மாதிரி 'டேலி ஆகாத' சோதனை ஏதாவது நடந்திருக்கிறதா? பிள்ளை என்ன எழுதினான், நீங்கள் என்ன சொன்னீர்கள்? தெரிந்துகொள்ள ஆசை.

டிஸ்கி 1: அடுத்த புராஜெக்ட் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் 4060 ஐசி-யும் போட்டு அரை வினாடி பல்ஸ். 32,768-ஐ பதினான்கு தடவை இரண்டால் வகுத்தால் 2 வரும், வினாடிக்கு இரண்டு. பையன் கால்குலேட்டர் இல்லாமலே போட்டுவிட்டான். நான்தான் இரண்டு தடவை சரிபார்த்தேன். தொழில் புத்தி.

டிஸ்கி 2: கைகாட்டி இப்போது எங்கள் வரவேற்பறை அலமாரியில் இருக்கிறது. கை நேராகத்தான் நிற்கிறது. தங்கமணி அதைத் தாண்டி யாரையும் சமையலறைக்குள் விடுவதில்லை.